குழந்தைப்பேறு மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்: கணவரிடமும் கேளுங்கள்

அன்புள்ள மருத்துவர்களுக்கு,

வணக்கம். குழந்தை வேண்டி உங்களிடம் வரும் தம்பதிகளில், ஆண்களின் விந்து மாதிரியை மைக்ரோஸ்கோப்பில் வைத்து எண்ணிப் பார்க்கிற வேலை என்னுடையது. நாம் நேரில் பேசிக்கொள்வது அபூர்வம். நீங்கள் ஒரு சீட்டு அனுப்புகிறீர்கள், நான் ஒரு ரிப்போர்ட் அனுப்புகிறேன், நமக்குள் இருக்கும் பேச்சு அவ்வளவுதான். அந்த இரண்டிலும் இடம் கிடைக்காத ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். தம்பதி உங்கள் முன்னால் வந்து உட்காரும் முதல் நாளே கணவரிடம் நிக்கோட்டினைப் பற்றிக் கேளுங்கள். சிகரெட்டா, வேப் என்கிற மின்சிகரெட்டா, மெல்லும் புகையிலையா, உதட்டுக்கு அடியில் அடக்கிக்கொள்ளும் நிக்கோட்டின் பையா, ஒரு நாளைக்கு எவ்வளவு, எத்தனை வருடமாக, கடைசியாக எப்போது. ஆம் என்று பதில் வந்தால் அதை நிறுத்துவதற்கான உதவியை அன்றைக்கே தொடங்குங்கள், மனைவிக்கு முதல் ஊசி போடுவதற்கு முன்னால்.

"கேட்கத்தானே செய்கிறோம்" என்பீர்கள். உங்களில் பலர் கேட்கிறீர்கள், தெரியும். ஆனால் பெரும்பாலும் எப்படிக் கேட்கப்படுகிறது? "கெட்ட பழக்கம் ஏதாவது உண்டா?" பக்கத்தில் மனைவி இருக்கிறார், சில சமயம் அம்மாவோ மாமியாரோ கூட இருக்கிறார். "அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை டாக்டர்" என்று அவர் சொல்ல, அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். வேப் இழுக்கிறவர் அதைப் புகைப்பிடிப்பது என்றே நினைப்பதில்லை. புகையிலையை மெல்லுகிறவரிடம் "ஸ்மோக் பண்ணுவீங்களா" என்று கேட்டால் அவர் சொல்லும் "இல்லை" முழு உண்மை. வாரத்துக்கு நாலைந்து என்று குறைத்துக்கொண்டவர் தன்னை நிறுத்திவிட்ட ஆளாகவே கணக்கு வைத்திருக்கிறார். கேள்வி சரியாக இல்லாதபோது பதிலைக் குறை சொல்லிப் பயனில்லை.

மனைவியின் ஃபைலைப் பாருங்கள். ஹார்மோன் பரிசோதனைகள், தைராய்டு, கருமுட்டை இருப்பு, கருக்குழாய் அடைப்பு உண்டா என்று பார்த்த படம், மாதாமாதம் எடுத்த ஸ்கேன்கள். கணவரின் பங்கு என்னுடைய ஒற்றைத் தாள். குழந்தைப்பேறு தள்ளிப்போகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் தரப்பிலும் காரணம் இருக்கிறது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாழ்நாளில் ஒரு கட்டத்தில் ஆறில் ஒருவர் இந்தப் பிரச்சினையைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது. இவ்வளவு பேருக்குச் செய்யும் வேலையில் ஒரு பாதியை ஒற்றைத் தாளில் முடித்துக்கொள்கிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

அந்தத் தாள் எப்படித் தயாராகிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். மாதிரி வந்ததும் 37 டிகிரியில் அரை மணி நேரம் போல வைத்து, கட்டியாக இருப்பது இளகிய பிறகு, ஒரு சொட்டை ஸ்லைடில் விட்டு மூடி வைத்துப் பார்ப்போம். நல்ல மாதிரியில் விந்தணுக்கள் பார்வைக்கு எட்டும் இடத்தைக் குறுக்கே கடந்து போய்க்கொண்டே இருக்கும், எண்ணுவதற்குள் கட்டத்தைத் தாண்டிவிடும். சுமாரான மாதிரியில் பல அணுக்கள் நின்ற இடத்திலேயே தலையை ஆட்டிக்கொண்டிருக்கும், வால் அடிக்கிறது, ஆனால் நகரவில்லை. சில வட்டமடிக்கும். மிச்சம் அசைவற்றுக் கிடக்கும். இதை இப்படியே பிரித்துப் பிரித்து எண்ணித்தான் சதவீதம் போடுகிறோம். 2021இல் வந்த உலக சுகாதார நிறுவனக் கையேட்டின்படி, மில்லிலிட்டருக்கு 1.6 கோடி அணுக்கள், மொத்தத்தில் 3.9 கோடி, அசைவு 42 சதவீதம், அதில் முன்னேறிச் செல்பவை 30 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம் என்பவைதான் கீழ் எல்லைகள். இவை, ஒரு வருடத்துக்குள் மனைவி கருத்தரித்த ஆண்களில் கடைசி 5 சதவீதத்தினர் நின்ற கோடு. அதைத் தொட்டுவிட்டால் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. ஆனால் 1.7 கோடி என்று நான் எழுதி அனுப்பினால், "நார்மல்தான், ஒன்றும் பிரச்சினை இல்லை" என்று கணவர் காதில் விழுந்துவிடுகிறது. அவரும் நிம்மதியாக வெளியே போய் ஒன்றைப் பற்ற வைக்கிறார்.

இதில் நான் அழுத்திச் சொல்ல வேண்டியது, இந்த மாதிரி புகைக்கிறவருடையது, இது புகைக்காதவருடையது என்று லென்ஸ் வழியாகப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. நின்ற இடத்தில் ஆடும் அணுவுக்கு நூறு காரணம் இருக்கலாம்: காய்ச்சல், விரைப்பையில் இரத்தக் குழாய் புடைத்துச் சுருண்டிருப்பது (வேரிகோசீல்), தொற்று, வெப்பமான இடத்தில் வேலை. வாயால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த வாய்ப்பு எனக்கு இல்லை, உங்களுக்கு இருக்கிறது.

சரி, ஆதாரம் என்ன என்று கேட்பது நியாயம். 2016இல் 20 ஆய்வுகளை, 5,865 ஆண்களின் விவரங்களோடு, சேர்த்து அலசிப் பார்த்தார்கள். சிகரெட் புகைப்பவர்களுக்கு எண்ணிக்கையும் அசைவும் குறைவாக இருந்தன. அளவு கூடக் கூட, பாதிப்பும் கூடுதலாகத் தெரிந்தது, ஏற்கெனவே குழந்தையின்மை உள்ள ஆண்களிடம் இன்னும் அதிகம். அதாவது உங்கள் முன்னால் வந்து உட்காருகிறவர்களிடம்தான் அது அதிகமாகக் கடிக்கிறது. டென்மார்க்கில் இராணுவ உடல் தகுதிச் சோதனைக்கு வந்த இளைஞர்கள் சுமார் 2,000 பேரைப் பார்த்து 2020இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. தினமும் வேப் இழுப்பவர்களின் மொத்த விந்தணு 9.1 கோடி, இழுக்காதவர்களுக்கு 14.7 கோடி. தினமும் சிகரெட் புகைப்பவர்களுக்கு 10.3 கோடி, புகைக்காதவர்களுக்கு 13.9 கோடி. சராசரி வயது இருபதைக்கூடத் தொடாத பையன்கள் இவர்கள். இதை வைத்து வேப்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, அவர்களின் வேறு பழக்கங்களும் கலந்திருக்கலாம். ஆனால் "வேப்புக்கு மாறிட்டேன், அது சேஃப்தானே" என்று கேட்கிற கணவரிடம் ஆமாம் என்று சொல்வதற்கு நம் கையில் எதுவும் இல்லை.

அந்த டென்மார்க் ஆய்வில் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிற இன்னொரு வரி இருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. சிகரெட் புகைத்த அதே இளைஞர்களுக்கு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறையவில்லை, கூடியிருந்தது. மொத்த அளவு 6.2 சதவீதமும், புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் கட்டற்ற அளவு 4.1 சதவீதமும் அதிகம். வேறு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் புகைக்கும் ஆண்களின் சராசரி டெஸ்டோஸ்டிரோன் சற்றுக் கூடுதலாகத்தான் வருகிறது. இதைக் கேள்விப்பட்டுவிட்டு, "புகைத்தால் ஆண்மை கூடுமாம்" என்று பேசுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். சீட்டில் டெஸ்டோஸ்டிரோன் நன்றாக இருப்பதைப் பார்த்து, புகை இவரை ஒன்றும் செய்யவில்லை என்று நினைத்துக்கொள்ளும் அபாயம் உங்களுக்கும் உண்டு.

ஏன் இப்படி? ஒரு பகுதி காரணம், புகைப்பவர்களின் இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோனைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும் எஸ்ஹெச்பிஜி என்ற புரதம் அதிகம். சம்பளச் சீட்டில் மொத்தத் தொகை ஏறியிருக்கும், பிடித்தமும் கூடவே ஏறியிருக்கும், அந்த மாதிரி. நிக்கோட்டின் உடலில் சிதைந்து உண்டாகும் கோட்டினின், ஹார்மோன் உடைந்து வெளியேறுவதைத் தாமதப்படுத்தலாம் என்றும் ஒரு கருத்து இருக்கிறது. இன்னொரு பக்கம், ஆய்வகத்தில் எலியின் லேடிக் செல்களை, அதாவது விரையில் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும் செல்களை, நிக்கோட்டினிலும் கோட்டினினிலும் வைத்தபோது அவை டெஸ்டோஸ்டிரோன் சுரப்பதைக் குறைத்தன. எலிகளுக்கு வாய்வழி நிக்கோட்டின் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் டெஸ்டோஸ்டிரோனும் விந்தணு எண்ணிக்கையும் அசைவும் இறங்கின, கொடுப்பதை நிறுத்தியதும் பெரும்பாலும் மீண்டன. மனிதனின் இரத்தத்தில் ஒரு திசையும் எலியில் வேறு திசையும் தெரிவதால் குழப்பமாகத்தான் இருக்கிறது. ஆனால் விந்தணு உருவாவதற்குத் தேவையான டெஸ்டோஸ்டிரோன் விரைக்குள் இருப்பது, அது இரத்தத்தில் ஓடுவதைப் போல பல மடங்கு அடர்த்தி, கையில் ஊசி குத்தி எடுத்த இரத்தம் அந்த உள் நிலவரத்தைச் சொல்லாது. டென்மார்க்கின் இளைஞர்களிடம் ஹார்மோன் கூடவும் எண்ணிக்கை குறையவும் ஒரே நேரத்தில் நடந்தது. அதனால் ஹார்மோன் ரிப்போர்ட்டை வைத்து அவருக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிடாதீர்கள். (இதோடு இன்னொன்று: சோர்வாக இருக்கிறது என்று தானாக டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டு வரும் ஆண்களும் இருக்கிறார்கள். வெளியிலிருந்து அது வந்தால் மூளை, விரையை வேலை செய்யத் தூண்டும் எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் என்ற ஹார்மோன்களை அனுப்புவதை நிறுத்தி, விந்தணு உற்பத்தியே படுத்துவிடும். அதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.)

நிக்கோட்டினும் கோட்டினினும் விந்துத் திரவத்துக்குள்ளேயே போய்ச் சேருகின்றன, அளந்து பார்த்திருக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர் விடும் புகையைச் சுவாசித்தவரின் விந்திலும் கோட்டினின் தென்பட்டிருக்கிறது. சிகரெட்டில் நிக்கோட்டின் மட்டும் வருவதில்லை. காட்மியம் வருகிறது, உடலுக்குள் போனால் வருடக்கணக்கில் தங்கும் உலோகம், விரைக்கும் இரத்தத்துக்கும் நடுவில் இருக்கும் தடுப்பைக் குலைக்கக்கூடியது. கார்பன் மோனாக்சைடு வருகிறது. செல்களை அரித்துச் சேதப்படுத்தும் ஆக்ஸிஜனேற்ற அழுத்தத்தை ஏற்றும் வேதிப்பொருட்கள் இன்னும் எத்தனையோ. விந்தணுவின் சவ்வு எளிதில் ஆக்ஸிஜனேற்றம் அடையும் கொழுப்பு நிறைந்தது. சேதத்தைச் சரிசெய்துகொள்ள அதனிடம் போதிய கருவியும் கிடையாது, மற்ற செல்களில் இருக்கும் சைட்டோபிளாசத்தை (செல்லின் உள்திரவத்தை) பெரும்பாலும் அது முதிரும்போதே உதறிவிட்டு வந்திருக்கிறது. 1996இல் வந்த ஓர் ஆய்வில் புகைப்பவர்களின் விந்தணு டிஎன்ஏவில் ஆக்ஸிஜனேற்றச் சேதத்தின் அடையாளம் 50 சதவீதம் அதிகமாக இருந்தது.

இந்த டிஎன்ஏ விஷயத்தில்தான் எனக்கு மிகுந்த கவலை. "எண்ணிக்கை குறைந்தால் என்ன, இக்ஸி இருக்கிறதே, ஒரே ஒரு அணு போதுமே" என்ற எண்ணம் நம் எல்லோருக்கும் பழகிப்போய்விட்டது. (இக்ஸி என்றால், ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் நேராகக் கருமுட்டைக்குள் செலுத்துவது.) இக்ஸி செய்யும்போது கருவியல் வல்லுநர் எதை வைத்து அந்த ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்? அது நீந்தும் விதம், தலையின் வடிவம், கழுத்து நேராக இருக்கிறதா, வால் சரியாக இருக்கிறதா. அந்தத் தலைக்குள் இருக்கும் டிஎன்ஏ உடைந்திருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியாது. அழகாக நீந்துகிற ஓர் அணு உடைந்த சரக்கைச் சுமந்து வரலாம். அதைக் கருமுட்டை ஓரளவு சரிசெய்யும், முட்டைக்கு அந்தத் திறன் உண்டு, ஆனால் வயது ஏற ஏற அந்தத் திறனும் குறைகிறது. கணவரின் புகைக்கு மனைவியின் முட்டை வேலை செய்து ஈடுகட்ட வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். 2003இல் வெளியான ஓர் ஆய்வில், கணவர் புகைத்த தம்பதிகளில் இக்ஸியில் கருத்தரித்தது 22 சதவீதம், புகைக்காதவர்களில் 38. முட்டையையும் விந்தணுக்களையும் ஆய்வகத்தில் ஒன்றாக விடும் சாதாரண ஐவிஎஃபில் 18க்கு 32. ஓர் ஆய்வுதான், எல்லா ஆய்விலும் இவ்வளவு இடைவெளி வருவதில்லை. இருந்தாலும் இதில் பாதி வித்தியாசம் தரக்கூடிய ஒரு புது மருந்து வந்தால் நீங்கள் எவ்வளவு வேகமாக எழுதிக் கொடுப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

விறைப்புத்தன்மை பற்றி நீளமாக எழுதத் தேவையில்லை. இரத்தக் குழாய் விரிய நைட்ரிக் ஆக்சைடு வேண்டும், புகை அதைக் கெடுக்கிறது. 2008இல் புகைக்காத 28 இளைஞர்களுக்கு 6 மில்லிகிராம் நிக்கோட்டின் உள்ள சூயிங் கம்மை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். புகை இல்லை, தார் இல்லை, வெறும் நிக்கோட்டின். விறைப்பு 23 சதவீதம் குறைந்தது. மாதிரி கொடுக்க வேண்டிய நாளில் பதற்றத்தில் இருக்கும் ஆண்கள், மனதைத் தேற்றிக்கொள்ள ஒன்றைப் புகைத்துவிட்டு அந்தச் சிறிய அறைக்குள் போவது எனக்குப் பழகிய காட்சி. விரலில் அந்த வாசனையோடுதான் கோப்பையை நீட்டுவார்கள். சிலர் முக்கால் மணி நேரம் கழித்து வெறும் கோப்பையோடு, கண்ணைப் பார்க்காமல், "இன்னிக்கு முடியல" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த ஒரு சிகரெட்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அது உதவாது என்பதை அவரிடம் முன்கூட்டியே யாராவது சொல்லியிருக்கலாம்.

இப்போது நல்ல செய்திக்கு வருகிறேன், இந்த மடலை எழுதத் தூண்டியதும் இதுதான். கருமுட்டை இருப்பு பெண் பிறக்கும்போதே முடிவாகிவிடுகிறது, அதை நம்மால் புதிதாக உண்டாக்க முடியாது. விந்தணு அப்படியில்லை. ஒரு விந்தணு உருவாகி முடிய சுமார் 74 நாள், அப்புறம் எபிடிடிமிஸ் என்ற சுருண்ட குழாய்க்குள் ஊர்ந்து முதிர இன்னும் இரண்டு வாரம் போல. ஆக மூன்று மாதத்தில் சரக்கு முழுக்கப் புதிது. இன்றைக்கு ஒருவர் நிறுத்தினால் மூன்று மாதம் கழித்து நான் எண்ணப்போகும் அணுக்கள் நிக்கோட்டின் இல்லாத உடலில் தொடங்கி முடிந்தவை. காட்மியம் அவ்வளவு சீக்கிரம் போகாது, எல்லாருக்கும் எண்ணிக்கை ஏறிவிடும் என்றும் உறுதி கொடுக்க முடியாது. ஆனாலும் குழந்தைப்பேறு சிகிச்சையில் மூன்று மாதத்தில் மாற்றிப் பார்க்கக்கூடிய விஷயங்கள் எத்தனை இருக்கின்றன? இது அதில் ஒன்று, அதுவும் மனைவியின் உடலைத் தொடாமல்.

காத்திருக்க நேரமில்லாத தம்பதிகள் இருக்கிறார்கள், அது எனக்குத் தெரியும். மனைவிக்கு வயது நாற்பதை நெருங்கினால், முட்டை இருப்பு குறைவாக இருந்தால், கணவர் நிறுத்தட்டும் என்று சிகிச்சையைத் தள்ளிப்போடச் சொல்லமாட்டேன், அது அநியாயம். ஆனால் முதல் சந்திப்பிலிருந்து உண்மையான சிகிச்சை தொடங்குவதற்குள் பரிசோதனை, ஸ்கேன், சுழற்சிக்குக் காத்திருப்பு, பணம் ஏற்பாடு என்று சும்மாவே இரண்டு மூன்று மாதம் ஓடிவிடுகிறதே? அந்த மாதங்கள்தான் விந்தணுவுக்குத் தேவையான மாதங்கள். முதல் நாளே கேட்டால் அவை வீணாகாது. கருமுட்டை எடுக்கும் தேதி குறித்த பிறகு கேட்டால் ஒன்றும் செய்ய முடியாது, குற்ற உணர்ச்சி மட்டும் மிஞ்சும்.

நிறுத்துங்கள் என்று வெறுமனே சொல்லி அனுப்பினால் பெரும்பாலானவர்களால் முடியாது. அது மன உறுதிக் குறைவு என்று பேசாதீர்கள். நிக்கோட்டின் மூளையைப் பிடித்துவைக்கும் வேதிப்பொருள், அதுவும் குழந்தை இல்லை என்ற மன அழுத்தத்தில் இருப்பவருக்கு இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். வரெனிக்ளின், புப்ரோபியான் போன்ற மாத்திரைகள், நிக்கோட்டின் பேட்ச், நிக்கோட்டின் கம், ஆலோசனை என்று வழிகள் இருக்கின்றன. "நிக்கோட்டினே கெடுதல் என்றுவிட்டு பேட்ச் போடலாமா" என்று கேட்பார்கள். போடலாம். புகையோடு வரும் காட்மியமும் கார்பன் மோனாக்சைடும் மற்றவையும் அன்றோடு நின்றுவிடுகின்றன, அளவும் படிப்படியாகக் குறைந்து ஒரு நாள் பூஜ்யத்துக்கு வரும். வருடக்கணக்கில் கம்மை மென்றுகொண்டே இருப்பது வேறு விஷயம், அதற்கு முடிவுத் தேதி ஒன்றை நீங்கள் போட்டுக் கொடுக்க வேண்டும். உங்களுக்கு இதற்கெல்லாம் நேரமில்லை என்றால், நேரமுள்ள ஒருவரிடம் அனுப்புங்கள், அவர் பெயரை எழுதிக் கொடுத்து, தேதியும் வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள்.

அடுத்த தலைமுறை பற்றியும் ஒரு வார்த்தை. கர்ப்பத்தில் அம்மா புகைத்தால் மகனின் விந்தணு அடர்த்தி பின்னாளில் குறைகிறது என்பது பல ஆண்டுகளாகத் தெரிந்த விஷயம். 2018இல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தினர் 104 இளைஞர்களைப் பார்த்ததில், அம்மாவின் நிக்கோட்டின் அளவைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும், கர்ப்பக் காலத்தில் அப்பா புகைத்த மகன்களுக்கு மொத்த விந்தணு 51 சதவீதம் குறைவாக இருந்தது. சிறிய ஆய்வு. ஆனால் குழந்தைக்காக எதையும் செய்யத் தயார் என்று சொல்லும் ஓர் ஆணிடம் இதைச் சொன்னால் அவர் காது கொடுத்துக் கேட்பார், தனக்கு வரும் நோயைச் சொல்லும்போது கேட்காதவரும் கேட்பார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கணவர் நிறுத்த வேண்டும் என்று முடிவானதும், "நீங்க கொஞ்சம் பார்த்துக்கோங்கம்மா" என்று மனைவியிடம் திரும்பிச் சொல்லிவிடாதீர்கள். ஏற்கெனவே ஊசியும் மாத்திரையும் ஸ்கேனும் உறவினர்களின் கேள்விகளும் அவர் தலையில்தான் இருக்கின்றன. சட்டைப் பையைத் துழாவும் வேலையையும் சேர்த்துக் கொடுத்தால் வீட்டில் சண்டை வரும், கணவர் ஒளித்துப் புகைப்பார், உங்களிடமும் பொய் சொல்வார். கணவரைத் தனியாக உட்கார வைத்து நீங்களே பேசுங்கள். திட்டாமல் கேளுங்கள். ஒரு மாதம் கழித்து அவரை மட்டும் வரச் சொல்லி மறுபடி கேளுங்கள், வழுக்கிவிட்டேன் என்றால் மறுபடி தொடங்கி வையுங்கள். மூன்று மாதம் ஆனதும் இன்னொரு மாதிரி எடுக்க என்னிடம் அனுப்புங்கள், பழைய எண்களையும் புதிய எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு எழுதித் தருகிறேன், நீங்களே அவரிடம் காட்டுங்கள்.

இப்படிக்கு,
விந்தணு ஆய்வகத்தில் வேலை செய்யும் ஒருவர்